ஒரு கன்னத்துக் கிரீம்

இன்று ஹட்டன் கடையில் ஒரு முகக் கிரீம். பெட்டியின் முன்னால் "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று இருந்தது. பின்னால் பொடி எழுத்தில், பூசிய பெண்களே கரும்புள்ளி குறைந்ததாகச் சொன்னார்களாம். அதுதான் ஆய்வு!

"பூசாதவங்களையும் பார்த்தாங்களா? தோட்டத்துல புது உரம் வந்தா நாலு நிரை தேயிலைக்குப் போடாம விட்டுத்தானே பார்ப்பாங்க?" என்றேன்.

கடைப் பெண் சிரித்தாள். "அப்ப நீங்க ஒரு கன்னத்துக்குப் போடாம விட்டுப் பாருங்கக்கா."

ரோஷத்தில் வாங்கிவிட்டேன்.

நோர்வூட் போகும் பஸ்ஸிலேயே ஒரு கன்னத்தில் பூசியாயிற்று. இருப்புக்கொள்ளாமல் போனில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

பக்கத்து சீட்டு அம்மா, "பல்லு வலியா புள்ள?" என்கிறார்.

கீழே போட்டோ. எந்தக் கன்னம் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரியும் என்பதால், எனக்கு இப்போதே அது பளபளக்கிறது.