தட்டக் கூடாத பொடி

பயந்தவன் கையில் ஆராய்ச்சியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எலும்பு சிமெண்ட் செய்துகொண்டிருந்தேன். உடைந்த எலும்புக்குள் ஊசி வழியாகச் செலுத்துகிற பசை அது. உள்ளே போய் இறுகிவிடும். என் பசை ஊசியை விட்டு ஒழுங்காக வந்தால்தானே? அழுத்தினால் தண்ணீர் மட்டும் வெளியே ஓடும், பொடி உள்ளேயே கட்டிப்போய் நிற்கும். பெருவிரல் வீங்க வீங்க ஆறு மாதம் அழுத்தினேன்.

"லேசாத் தட்டியாவது பாத்தியாப்பா?" என்று ஒருநாள் பேராசிரியர் கேட்டார்.

இல்லை. ஒரு தடவைகூட இல்லை. ஏழாயிரம்பண்ணையில், தட்டினாலே வெடிக்கிற பட்டாசு மருந்தை அடைக்கிற அம்மாவின் பிள்ளை நான். வீட்டில் கோலமாவு டப்பாவைத் தட்டினால்கூட முதுகில் ஒன்று வைப்பாள். இந்தப் பொடி தீ வைத்தாலும் வெடிக்காது என்று படித்தவனுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. அந்த மடத்தனத்துக்கு என்னையே அறையத் தோன்றியது.

மறுநாள் ஊசிக்குழாயோடு அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தினோம். காதுக்கே கேட்காத அதிர்வு, அதுவும் ஒருவகைத் தட்டல்தான். பொடி சிக்காமல் நழுவி, முறுக்கு அச்சில் மாவு வருகிற மாதிரி பசை முழுசாக வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன், சீசன் ஆர்டர் அவசரத்தில், மருந்து இருந்த இரும்பு டிரம்மைத் தூக்காமல் தரையில் இழுக்கச் சொன்னான் அம்மாவின் போர்மேன். பொறி பறந்து அறை பற்றிக்கொண்டது. ஓடிய அம்மா வாசலில் விழுந்து முதுகெலும்பு நசுங்கிப்போனது. எங்கள் வீட்டு மாவு டப்பாவுக்கு இருந்த மரியாதைகூட அந்த டிரம்முக்கு இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மா இடுப்பில் பெல்ட்டோடு படுத்திருந்தாள்.

"ஏலே, இத எனக்குப் போடுவாகளா?"

"இன்னும் சோதனைதாம்மா, மனுசருக்கு வர பல வருசம் ஆகும். நீ மொதல்ல பெரியாஸ்பத்திரிக்கு வா. கம்பெனியில விழுந்தேன்னு சொல்லு. வைத்தியம் பாக்குறது அவுக பொறுப்பு."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்லே."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "எவன் கேட்டான்? அந்த போர்மேனா?" என்று கத்தினேன். அவனை இழுத்துப்போட்டு மிதிக்க வேண்டும் என்றிருந்தது.

"யாரும் கேக்கல. நானாத்தான் எழுதிக் குடுத்தனுப்புனேன். இல்லன்னா, நான் நிமுந்ததும் வேலைக்குக் கூப்புடுவாகளா?"