இரண்டு பேர் உட்காரும் வண்டி

ரோவீனா ஸ்டில்ட்னர் லேசில் யாரையும் நம்ப மாட்டாள். மேற்கு வர்ஜீனியா மலைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் கிரேன்ஸ் ஃபோர்க் என்ற ஊரில் பாதி வாழ்நாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். வயிற்றுவலி என்று முனகும் பிள்ளைகளில் எது நிஜம், எது கணக்குப் பரீட்சை என்று கண்ணாடியில் பார்த்தே பிரித்துவிடுவாள். கடையில் முட்டை வாங்கினால் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையையும் திருப்பிப் பார்த்த பிறகுதான் வண்டியில் வைப்பாள். ஒரு டாக்டர் மாத்திரை எழுதினால் அதைப் பற்றி இன்னொரு டாக்டரிடம் விசாரிப்பாள். அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள் புருஷன் டெல்மர். அவனுக்குப் பொய் சொல்லவே வராது என்பது அவள் எண்ணம்.

அப்படிப்பட்டவளையும் ஒருமுறை ஒருவர் ஏமாற்றினார், அதுவும் ஊர்ப் பிரசங்கியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேவாலய வாசலிலேயே, மலைப்பாதையில் ஓட்டும் நாலு சக்கர குவாட் பைக் ஒன்றை அவள் தலையில் கட்டிவிட்டார். கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. ஒருமுறை வெள்ளத்தில் முழுகிய வண்டி என்பது மூன்றாம் மாதம் மலை உச்சியில் இன்ஜின் செத்த பிறகுதான் தெரிந்தது. அன்று டெல்மர் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்தவன். நுரையீரல் முழுக்கக் கரித்தூள். வழியில் விழுந்து கிடந்த மரம் ஒன்று பாக்கியில்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தான். உதடு நீலம் பாரித்துவிட்டது. யாரோ நாலு பேர் குவாட்டில் வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்காவிட்டால் அவன் ஊர் வந்து சேர்ந்திருக்க மாட்டான்.

ஆனாலும் மலைக்குப் போவதை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. காரணம் வேறு. வீட்டுக்குள் டெல்மர் வாயே திறக்க மாட்டான். டிவியைப் பார்த்தபடி பொழுதைத் தள்ளுவான். குவாட்டில் ரோவீனா ஓட்ட, பின்னால் ஏறி உட்கார்ந்தால் போதும், அவள் காதோரம் ஓயாமல் பேசிக்கொண்டே வருவான். சின்ன வயசுக் கதை, செத்துப்போன நாய்க் கதை, மேலாளரைத் திட்டிய கதை. அவளுக்குப் புருஷன் கிடைப்பதே அந்தப் பாதையில்தான். அது கைவிட்டுப் போவதை அவளால் தாங்க முடியாது.

எனவே பழைய வண்டி ஒன்று தேட ஆரம்பித்தாள். புதுசு வாங்க வழியில்லை. இரண்டு பேர் உட்கார நீளமான சீட் வேண்டும். ஓடைத் தண்ணீர் பட்டால் சக்கரத்தைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் வழுக்கும், ஆகவே கியர் வண்டியாக இருக்க வேண்டும். சேற்றில் தேய்ந்து அறுந்துபோகும் செயினும் ஆகாது. அலங்காரம் எதுவும் வேண்டாம். உள்ளூரில் உதிரி பாகம் கிடைத்தால் சரி. முக்கியமாக, நடு மலையில் நிற்கக் கூடாது. நின்றால் டெல்மர் போய்விடுவான். இதை யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

முதலில் ஒருவர் போனில் "வந்து பாருங்க" என்றார், அவள் போய் இறங்கியதும் "வித்துப் போச்சு" என்றார். அவர் முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே வண்டியின் நாலு டயரும் நன்றாகவே தெரிந்தன.

அடுத்தது லோனியின் பட்டறை. லோனி சின்ன வயதில் அவள் பஸ்ஸில் போனவன். அங்கே பச்சை நிறத்தில் ஒரு இரட்டை சீட் வண்டி நின்றது. ரோவீனா தரையில் படுத்து அடித்தகட்டைப் பார்த்தாள். முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினாள். காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து மண் இருக்கிறதா என்று விரலால் தடவினாள். ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறமாகியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

"இது வேணாம்க்கா," என்றான் லோனி.

"ஏன்?"

"உங்களுக்கு ஒத்து வராது. அந்தப் பக்கம் சிங்கிள் சீட் ஒண்ணு நிக்குது பாருங்க. லேசு. நீங்க ஒத்தையா ஓட்ட அதுதான் தோது."

"நான் ஒத்தையா ஓட்டறேன்னு உன்கிட்ட எவன் சொன்னான்?"

லோனி காதுவரை சிவந்து, ஸ்பேனரைத் தேடுகிறவன் மாதிரி உள்ளே போய்விட்டான். வியாபாரி தன் சரக்கையே மட்டம் தட்டுகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. ஒன்று திருட்டு வண்டி, இல்லையென்றால் இவர்களெல்லாம் ஒரு கூட்டணி. விற்காத சிங்கிள் சீட்டுகளைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றே ரோவீனா முடிவு கட்டினாள்.

மூன்றாவதாக ஹோபர்ட் வீட்டுக்குப் போனாள். சுரங்கத்தில் டெல்மரோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர். அவர் கொட்டகையில் சிவப்பு வண்டி ஒன்று நின்றது. அவள் வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகப் போய் இன்ஜினில் கை வைத்தாள். சூடாக இருந்தது. அந்தப் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் செய்வது இதைத்தான். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் திணறும் என்றால், ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள்.

"மாட்டிக்கிட்ட, ஹோபர்ட். காலையில எழுப்பறதுக்குள்ள உயிர் போயிடுமோ இதுக்கு?"

"அப்படியே வச்சுக்கோம்மா. மோசமான வண்டிதான். விட்டுட்டுப் போ."

"விக்கறவன் பேசற பேச்சா இது? எல்லாரும் சேர்ந்து என்னமோ பண்றீங்க. திருட்டு வண்டிதானே?"

"ஆமான்னு நெனச்சுக்கோ."

"சரி. ஷெரீஃப் ஆபீசுக்கு இங்கேயிருந்தே போன் போடறேன். வண்டி நம்பரை அவங்க பார்த்துக்கட்டும்."

அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தத் தொடங்கிய பிறகுதான் ஹோபர்ட் அவள் கையைப் பிடித்தார். அவருடைய மூச்சும் கொஞ்சம் இரைந்தது.

"இன்ஜின் ஏன் சூடா இருக்குன்னு உன் புருஷனைக் கேளு ரோவீனா. எனக்குத் தெரியாது. நான் எதுவும் சொல்லலை."

சுரங்கத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் மூச்சு எவ்வளவு மிச்சம் என்று மற்றவனுக்குத் தெரியும். ஆனால் அதை அவன் பெண்டாட்டியிடம் சொல்ல மாட்டான். அவனாகச் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதற்காகத் திருடன் பட்டத்தைச் சுமக்கவும் ஹோபர்ட் தயாராக இருந்தார். இந்த வழக்கம் ரோவீனாவுக்குத் தெரியாதது இல்லை. அதனால்தான் வேறெங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்குத் திரும்பினாள்.

டெல்மர் சமையலறையில் உட்கார்ந்து சோள ரொட்டியை மோரில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"காலையில ஹோபர்ட் வீட்டுக்குப் போனியா?"

அவன் கரண்டியை வைத்தான். பொய் சொல்லத் தெரியாது என்று அவள் நினைத்திருந்த முகம், இத்தனை நாள் நன்றாகவே சொல்லியிருந்த முகம்.

"போனேன்."

"லோனிகிட்டயும் நீதான் சொன்னியா? அந்தத் தார்ப்பாய் ஆளுகிட்டயும்?"

"ஆமா. ரெட்டை சீட்டு அவளுக்குக் குடுக்காதீங்கன்னு சொன்னேன்."

"ஏன்டா?"

கோபம் வந்தால் அவள் அவனை 'டா' போடுவாள். அவன் சிரிக்கப் பார்த்து இருமினான். இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஹோபர்ட் ஓட்ட, பின்னாடி உட்கார முடியுதான்னு போய்ப் பார்த்தேன், ரோ. குலுக்கல் தாங்கல. மூச்சே வரல. அவன்தான் இறக்கி உட்கார வச்சான். நான் வர மாட்டேன்னு தெரிஞ்சா நீ வண்டியே வாங்க மாட்ட. அதான், லேசா ஒண்ணு வாங்கிட்டீன்னா பின்னாடி நீயாச்சும் போயிட்டு வருவேல்ல."

"பின்னாடின்னா?"

ரோவீனாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. உயிரோடு எதிரில் உட்கார்ந்துகொண்டு, தான் இல்லாத நாளுக்கு இவளுக்கு வண்டி பார்த்திருக்கிறான், ஊரையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு. ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள் இவனை மட்டும் விட்டுவிட்டாளே என்று தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"நான் இன்னும் விதவை ஆகல, டெல்மர். ஆகறதுக்கு முன்னாடியே என்னைத் தனியா அனுப்பாத."

அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"காலையில எது வரைக்கும் போன?" என்று கேட்டாள்.

"தண்ணித் தொட்டி வரைக்கும்."

"மெதுவாப் போனா?"

"மெதுவாத்தான் போனோம். அதுக்கு மேல முடியல."

ரோவீனா எழுந்து போனை எடுத்தாள். "ஹோபர்ட், அந்தச் செவப்பு வண்டியை எடுத்துக்கறேன். ஆமா, ரெட்டை சீட்டுதான். அவன்கிட்டக் கேட்டாச்சு." வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் டெல்மர். "தண்ணித் தொட்டி இங்கேருந்து அரை மைல். அரை மைலுக்குப் போயி யாராச்சும் வண்டி வாங்குவாங்களா?"

"உன்னால நடந்து போக முடியுமா?"

அவன் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான். பிறகு கரண்டியை எடுத்து, மிச்சமிருந்த ரொட்டியை மெல்லச் சாப்பிட ஆரம்பித்தான்.