பொய் விடியலுக்குச் சாட்சி இல்லை

நோம்புக் கஞ்சியில் ரம்பை இலை வாசம் வந்தாலே என் மாமியாருக்கு நான் செய்யாத குற்றம் ஞாபகம் வந்துவிடும். போன கிழமையும் கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்ததும் என் மகளிடம் தொடங்கினார்: "ஒங்கட உம்மா சுபஹு வந்த பொறகு தண்ணி குடிச்சவ, தெரியுமா?" சுபஹு என்கிற விடியல் தொழுகை நேரம் வந்துவிட்டால் நோம்பாளி சொட்டுத் தண்ணீரும் குடிக்கக் கூடாது. இத்தனை வருடமாக இதே பல்லவி. பெரிய மனுசி என்று பொறுத்துப்போகிற குணம் எனக்கில்லை. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் இந்த வழக்கில் சாட்சி கிடையாதே!

மகள் அப்போது கைக்குழந்தை. தெல்தோட்டையில் மாமி வீட்டில்தான் இருந்தோம். பால் கொடுக்கிறவளின் தாகம் அடங்குகிற தாகமா, நீங்களே சொல்லுங்கள். அன்று விடியுமுன் சாப்பிட்டு முடிக்கிற சஹர் நேரத்தில் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் பள்ளிவாசல் பாங்கு எங்கள் மேட்டுக்குக் கேட்காது. மாமி குசினிக் கதவைத் திறந்தார். கிழக்கு மலைக்கு மேலே சாம்பிராணிப் புகை மாதிரி ஒரு வெள்ளை, சற்றுச் சாய்ந்து, உயரமாக நின்றது.

"விடிஞ்சிட்டு. தண்ணிய வை புள்ள!"

"இது பொய் விடியல் மாமி. இன்னம் நேரம் ஈக்கி."

கோள்கள் ஓடுகிற தளத்தில் மிதக்கும் தூசியில் சூரிய வெளிச்சம் பட்டுத் தெரிவது அது. ராசிமண்டல ஒளி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். நிஜ விடியல் அடிவானத்தில் அகலமாகப் பரவும். இது நிமிர்ந்து நிற்கும். இதைப் பார்த்துச் சாப்பாட்டை நிறுத்தத் தேவையில்லை என்று மார்க்கமே சொல்கிறது. அந்த இருட்டில் இத்தனையையும் மாமிக்குப் பிரசங்கம் பண்ணினேன், புத்தி கெட்டவள். அவர் கோப்பையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. பாதி சட்டையில், பாதி தொண்டையில். கதவை அறைந்து சாத்திவிட்டுத் தொழப் போய்விட்டார். உண்மையான விடியல் வந்ததை அவர் பார்க்கவே இல்லை.

மகளுக்காவது காட்டிவிட வேண்டும் என்று இந்த முறை எனக்கு வெறியே வந்துவிட்டது. நோம்பின் முதல் பத்து நாள், அதிகாலையில் நிலா இல்லை, மழை கழுவிவிட்ட வானம். அதே குசினிக் கதவடிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். எதிர்மலையில் புதிதாக வந்த ஹோட்டல், நாசமாய்ப் போக, விடிய விடிய விளக்கெரிக்கிறது. நட்சத்திரமே நாலைந்துதான். மற்றதெல்லாம் மஞ்சள்.

"எங்க உம்மா? ஹோட்டல் லைட்தானே தெரியிது."

"அங்கதான்! அந்த மலைக்கு மேல, நல்லாப் பாரு!" கத்தியே விட்டேன். உள்ளே மாமி சிரிப்பது கேட்டது.

மகள் மெதுவாக என் தோளைப் பிடித்தாள்.

"சரி விடுங்க உம்மா. அல்லாஹ் மன்னிப்பான்."