அரைக் கிணற்றை மூடிய அன்று

பொப்கட் என்கிற சின்ன மண் அள்ளும் மெசினை ஓட்டுகிறவனுக்கு முன்பக்கத்தால் மட்டும்தான் வழி. கதவு முன்னால், அதற்கும் முன்னால் அள்ளுகிற பக்கற். பக்கற்றைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்க முடியாது. கூட்டுக்குள் இருக்கிற கிளி என்று என் மனைவி சிரிப்பாள். கிளியாவது கத்தும்.

சண்டிலிப்பாய் வேலைக்கு என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் அந்த வீட்டுக்குப் போகிற ஒடுக்கமான ஒழுங்கை. பெரிய பெக்கோ மெசின் உள்ளே வராது. என் மெசின் சின்னது, நின்ற இடத்திலேயே சுழலும். "ஒரு கிணறு மூடவேணும், அரை நாள் வேலை" என்றார் கொந்தராத்துக்காரர். போய்ப் பார்த்தால் கிணறும் அரைதான்.

அக்கா தங்கை இரண்டு பேருக்குச் சீதனமாகப் பிரித்த காணி அது. எல்லை மதில் நேரே வந்து கிணற்றின் வாய்க்குக் குறுக்காக ஏறி மறுபக்கம் இறங்கியது. எங்கள் பக்கங்களில் இப்படிப் பங்குக் கிணறுகள் புதினமில்லை. மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று தண்ணீர் அள்ளிக்கொண்டே ஊர்க்கதை கதைப்பார்கள். இந்த இருவரும் கதைப்பதை விட்டுப் பல வருடமாம். தங்கை கனடாவில் இருந்தபடி இங்கே வீடு கட்டுகிறார். கிணறு வீட்டுக்குப் பிழையான மூலையில் விழுகிறதென்று ஒரு சாத்திரி சொல்லிவிட்டார். தங்கைக்கென்ன, முன் வளவில் குழாய்க் கிணறு அடித்தாயிற்று, மோட்டர் பூட்டுவதுதான் மிச்சம். தன் பாதியை மூடச் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் குடிக்க, குளிக்க, பின்னால் வைத்திருக்கிற வெங்காயத்துக்கு இறைக்க, எல்லாவற்றுக்கும் இந்தக் கிணறுதான்.

பாதிக் கிணற்றை எப்படி ஐயா மூடுவது? மதில் வாயோடு சரி. கீழே ஒரே தண்ணீர். எட்டிப் பார்த்தால் குழந்தைக்கும் விளங்கும்.

"அண்ணை, இந்தப் பக்கம் கொட்டினா அந்தப் பக்கமும் தூர்ந்துபோம்" என்றேன்.

"எனக்குத் தெரியாதோ? அக்காக்காரி ஊர் விதானையாரிட்டையும் போய் முறையிட்டவ. தங்கச்சி தன்ரை பாதியிலை என்னவும் செய்யலாமெண்டு சொல்லிப்போட்டாராம்."

கொந்தராத்துக்காரரின் கையில் இருந்த போனில் தங்கை வீடியோ கோலில் நின்றார். "தம்பி, அவவின்ரை பக்கம் ஒரு கல்லும் போடச் சொல்லி நான் சொல்லேல்லை. என்ரை பாதியை மட்டும் மூடுங்கோ" என்றார். குளிருக்குத் தொப்பி போட்டிருந்தார். கெட்டவர் போலத் தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நான் கடற்கரை ஊர்க்காரன். எங்கள் கிணறுகள் எல்லாம் உவர். நல்ல தண்ணீருக்காகச் சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டி அடுத்த ஊருக்கு உழக்கியே என் கால்கள் பலத்தன. கிணற்றுக்கட்டில் கிடந்த வாளியை உள்ளே விட்டு ஒரு மிடறு அள்ளிக் குடித்துப் பார்த்தேன். இளநீர்தான். இதை மூட, ஊர் உலகத்தில் ஆளில்லாமல் என்னையா பிடித்தார்கள்?

"மெசினிலை எண்ணெய் ஒழுகுது" என்று புளுகினேன். கொந்தராத்துக்காரர் குனிந்து மெசினைச் சுற்றிப் பார்த்தார். "எங்கை ஒழுகுது? ஏலாதெண்டா சொல்லும் தம்பி. பின்னேரம் சுன்னாகத்திலை இருந்து வேறை மெசின் வரும்" என்றார். வரும் என்று எனக்கும் தெரியும். ஏறி இருந்தேன். பழைய வீட்டை இடித்த கல்லை அள்ளித் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா வந்தார். ஏசுவார், மண்ணள்ளித் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ கப்பியில் கயிற்றைப் போட்டுத் தண்ணீர் அள்ளத் தொடங்கினார். தண்ணீர் அள்ளுகிறவரின் வாளிக்கு மேல் யார் கல்லைக் கொட்டுவது? தூக்கிய பக்கற்றோடு அப்படியே இருந்தேன்.

"அக்கா, கொஞ்சம் விலகுங்கோ" என்றார் கொந்தராத்துக்காரர்.

"நான் என்ரை பாதியிலை நிண்டு அள்ளுறன்."

போனில் தங்கை கேட்டார்: "அதென்ன சத்தம்?"

"அக்கா தண்ணி அள்ளுறா" என்றார் கொந்தராத்துக்காரர்.

தங்கை தொப்பியை இழுத்துவிட்டார். பிறகு, "அள்ளி முடியட்டும். அதுக்குப் பிறகு போடுங்கோ" என்றார்.

குடம் நிறைந்தது. கிடாரம் நிறைந்தது. சோற்றுப்பானை, பெயின்ற் வாளி, பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற பேசின், எல்லாம் வரிசையாக முற்றத்துக்கு வந்து நிறைந்தன. அள்ளட்டும், இருட்டும் வரை அள்ளட்டும் என்று நான் கும்பிடாத தெய்வமில்லை. ஆனால் ஒரு வீட்டில் எத்தனை பாத்திரம்தான் இருக்கும்? கடைசியில் அவர் கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

கொட்டினேன்.

கல் விழுந்த சத்தம் என் இருக்கையில் ஏறியது. தண்ணீர் கலங்கி, மதிலின் கீழால் வெள்ளையாக அந்தப் பக்கம் போனது. அக்கா திரும்பவும் வாளியை விட்டு அள்ளினார். சுண்ணாம்பு கரைத்தது போல இருந்ததை மதிலுக்கு மேலால் போனை நோக்கித் தூக்கிப் பிடித்தார்.

"பார்" என்றார். பல வருடத்துக்குப் பிறகு தங்கையோடு கதைத்த முதல் சொல் அதுதான்.

"நான் என்ரை பாதியைத்தானே..." என்று தங்கை தொடங்கினார். குரல் உடைந்தது. கோல் நின்றுவிட்டது. அவர் நிறுத்தினாரா, லைன் போனதா, தெரியாது. கொந்தராத்துக்காரர் திரும்பத் திரும்ப அடித்தார். யாரும் எடுக்கவில்லை. நான் எஞ்சினை நிறுத்தினேன். தப்பிவிட்டோம் என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன்.

"ஏன் நிப்பாட்டிப்போட்டியள்?" என்று அக்கா கேட்டார்.

"தங்கச்சி மனம் மாறினாலும் மாறுவா அக்கா."

"மாறி? உந்தத் தண்ணி இனி ஆருக்கு உதவும்? அரைகுறையா விட்டா ஆடு மாடு விழும், அக்கம்பக்கத்துப் பிள்ளையள் விழும். மூடுங்கோ தம்பி. என்ரை பாதியையும் மூடுங்கோ."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அவரும் என்னை நோகவில்லை. அம்பு தன் பாட்டுக்கு நொந்துகொண்டு கல்லையும் மண்ணையும் அள்ளிக் கொட்டியது. நிரம்ப நிரம்ப மதிலின் கீழால் சரிந்து அந்தப் பக்கமும் ஏறியது. பின்னேரத்துக்குள் கிணறு இருந்த இடத்தில் மதில் மட்டும் நின்றது.

வேலை முடிந்தால் அந்தக் காணிக் கிணற்றுத் தண்ணீரில் பக்கற்றையும் மெசினின் சில்லுகளையும் கழுவிவிட்டு வெளிக்கிடுவதுதான் எங்கள் வழக்கம். பிறத்தியார் மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்பார்கள். அன்று கழுவ எங்கே போவது? இறங்கி நின்றேன்.

அக்கா முற்றத்து வரிசையில் இருந்து ஒரு வாளியைத் தூக்கிவந்து மதிலில் வைத்தார். "கழுவிப்போட்டுப் போங்கோ தம்பி. வேலை செய்த ஆளைச் சேத்தோடை அனுப்பக் கூடாது."

நான் வாளியை அவர் பக்கம் தள்ளினேன். "வேண்டாம் அக்கா. வெங்காயத்துக்கு ஊத்துங்கோ" என்றேன்.

அவர் திரும்பித் தன் தோட்டத்தைப் பார்த்தார். வெங்காயம் கிண்டி எடுப்பதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"ஒரு வாளி எந்தப் பாத்திக்குத் தம்பி காணும்?" என்று கேட்டார்.

நான் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கழுவாத மெசினோடு ஒழுங்கையால் வெளியே வந்தேன்.