மெதுவா அக்காவின் மேஜை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயரே 'மெதுவா அக்கா'தான். யாராவது கொஞ்சம் அழுத்தி நடந்தால் போதும், "மெதுவா, மெதுவா!" என்று பாய்ந்துவிடுவாள். எல்லாம் ஈ.எஸ்.ஆர். குழாய்க்காக. ரத்தத்தை நேராக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு கீழே இறங்குகின்றன என்று அளக்கும் சோதனை அது. உடம்பில் அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். மேஜை சாய்ந்திருந்தாலும் வேகமாக இறங்கும், தரை அதிர்ந்தாலும் கணக்கு தப்பும், அதுதான் தொல்லை. இருபது வருஷத்தில் ஒரு ரிசல்ட்டைக்கூட அவள் திரும்ப வாங்கியதில்லை. அந்தப் பெருமையைக் கேட்காத ஆளும் அங்கே இல்லை.

அன்று காலை ஐந்து வயதுப் பெண் குழந்தையின் ரத்தம் வந்தது. இடுப்பு மூட்டில் வலி, லேசான காய்ச்சல், காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்கிறாளாம். மூட்டுக்குள் சீழ் என்றால் உடனே திறந்து கழுவ வேண்டும். இல்லையென்றால் ஓய்வே போதும். ஈ.எஸ்.ஆர். நாற்பத்தெட்டு. நாற்பதைத் தாண்டினாலே எலும்பு டாக்டர் சீழைத்தான் சந்தேகிப்பார். போனில் கேட்டதும், "ஆபரேஷன் தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்றேன்" என்றார்.

பிறகுதான் மெஷினிலிருந்து அழற்சியைக் காட்டும் இன்னொரு சோதனையான சி.ஆர்.பி. வந்தது: வெறும் நாலு. சீழ் இருந்தால் இது எகிறியிருக்க வேண்டுமே? யோசித்தபடி பேனாவை மேஜைமேல் வைத்தாள். அது உருண்டுபோய்க் கீழே விழுந்தது.

குனிந்து பார்த்தாள். மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் அவள் மடித்துச் செருகியிருந்த அட்டையைக் காணோம். நேற்று தரையைத் துடைக்க மேஜையை நகர்த்தியதும் அவள்தான், திரும்பச் செருக மறந்ததும் அவள்தான். திட்டக்கூட ஆள் கிடைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் போனை எடுத்தாள்.

"டாக்டர், ஈ.எஸ்.ஆர். தப்பு. தப்பு என்னோடது. மேஜை சாஞ்சிருந்துச்சு. மீதி ரத்தத்துல மறுபடி வெக்கிறேன், ஒரு மணி நேரம் குடுங்க."

"சீழா இருந்தா ஒரு மணி நேரமே பெருசும்மா."

"சி.ஆர்.பி. நாலுதான் டாக்டர்."

"சரி, அதுக்குள்ள நான் ஸ்கேன் பண்ணிப் பாக்குறேன்."

அந்த ஒரு மணி நேரமும் அவள் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள். இந்த முறை ஈ.எஸ்.ஆர். இருபத்தாறு! ஸ்கேனிலும் மூட்டில் கொஞ்சம் நீர்தான். டாக்டர் குழந்தையை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, தியேட்டர் வேண்டாம், வார்டிலேயே கவனிப்போம் என்றார். அன்று மத்தியானம் அவள் ஒரு பிடி கூடவே சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் வாசலில் தொம் தொம்மென்று சத்தம். மேஜைமேல் ஆறு குழாய்கள் நின்றுகொண்டிருந்தன. "மெது..." என்று திரும்பினாள். அந்தக் குழந்தை இரண்டு காலாலும் குதித்துக்கொண்டிருந்தாள். "சும்மா இருடி, அத்தை திட்டுவாங்க" என்று அம்மா இழுத்தாள்.

"விடுங்க. நீ குதிடி கண்ணு, நல்லாக் குதி" என்றாள் மெதுவா அக்கா. "குழாயை நான் மறுபடி வெச்சுக்கறேன்."