கேசட்டின் பின்பாதி

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடைகளில் இப்போது கிடைக்காத வீடியோக்களை இணையத்தில் தேடுவது. ஒரு காலத்தில் கோலா சிலாங்கூரில் வாடகைக்கு விட்ட நாடகக் கேசட்டுகள், உள்ளூர்க் குழுக்கள் எடுத்துச் சொற்பப் பிரதிகளோடு நின்றுபோன ஆடல் பாடல்கள், இப்படி எதையாவது யாரோ ஒருவர் ஏற்றி வைத்திருப்பார். படம் நடுங்கும், ஓரத்தில் கோடு ஓடும். எனக்கு அதுவே போதும்.

அப்படித் தேடப்போய்த்தான் அந்த நண்பரின் பழக்கம் ஏற்பட்டது. ரவாங்கில் தொழிற்சாலை வேலை. பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தன் சேனலில் போடுவார். நம் ஊர் ஈரத்தில் நாடாவின் மேல் வெள்ளையாகப் பூசணம் பிடித்துவிடும். அப்படியே ஓட்டினால் நாடாவும் போகும், இயந்திரமும் போகும். அவர் பொறுமையாகத் துடைத்து எடுப்பார். "உங்க தோட்டத்து ஆளுங்ககிட்ட கேட்டுப் பாருங்க சார். வீட்டுக்கு வீடு இருக்கும். எல்லாம் குப்பைக்குப் போவுது லா" என்றார்.

நான் ஆசிரியராக இருந்த தோட்டத்து ஆட்களிடம் கேட்டுப் போனேன். பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொடுத்தார்கள். ஒருத்தி மட்டும் கொடுத்துவிட்டும் கையை எடுக்கவில்லை. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்குப் பக்கத்து வீடு அவள். என் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இப்போது புக்கிட் பெலிம்பிங்கில் மகனோடும் மருமகளோடும் இருக்கிறாள். கேசட்டின் மேல் 'தோட்டத் திருவிழா' என்று எழுதியிருந்தது.

"திருவிழா மட்டும் எடுத்துக்குங்க சார். அதுக்கப்புறம் இருக்கறது அவரு சாவு. நான் இன்னும் பார்த்தது இல்ல. யாரும் பார்க்க வேணாம்."

"யாரும் பார்க்க மாட்டாங்கம்மா" என்றேன்.

அந்த ஆண்டு திருவிழா முடிந்த கொஞ்ச நாளில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றிய லோரி கவிழ்ந்து அவள் கணவன் இறந்தான். அவனுடைய தாய் தகப்பன் வேலை பெர்மிட் கிடைக்காமல் எப்போதோ இந்தியாவுக்குத் திரும்பிப் போனவர்கள். அவர்களுக்கு அனுப்புவதற்காகத் திருவிழாவை எடுத்த படக்காரரையே கூப்பிட்டுச் சாவையும் எடுக்கச் சொன்னார்கள். திருவிழாக் கேசட்டில் மீதி இருந்த இடத்திலேயே அவர் அதைப் பதிந்து கொடுத்தார். அனுப்புவதற்குள், அதைக் கேட்டிருந்த தாய் இறந்துவிட்டாள். அதன் பிறகு கேசட் அலமாரியிலேயே கிடந்தது.

நான் கேசட்டை வாங்கிச் சென்ற சில மாதங்களில் அவள் மகன் எனக்குப் போன் செய்தான். "சார், எங்க அம்மா அழறது ஆபீஸ் குரூப்ல வந்திருக்கு. நீங்க வாங்கிட்டுப் போன கேசட்தான்."

நண்பரின் சேனலைத் திறந்தேன். பழைய தோட்டத் திருவிழா என்று தலைப்பு. தேர் நிலைக்கு வந்ததும் படம் ஒரு நொடி கறுத்தது. அடுத்து பிணம், ஒப்பாரி. பூ வைத்து வளையல் அடுக்கி உட்காரவைத்திருந்தார்கள், அன்று சின்னப் பெண்ணாக இருந்த அவளை. பிறகு வளையல்களை உடைத்தார்கள். கீழே ஒருவர் எந்த நிமிடத்துக்குத் தாவினால் அழுகையைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். இந்த அழுகைக்கு முன்னால் சினிமாக்காரி தோற்றாள் என்று இன்னொருவர். அதன் கீழே சிரிக்கும் முகங்கள்.

நண்பரைக் கூப்பிட்டுக் கத்தினேன். வகுப்பில் எந்தப் பிள்ளையிடமும் அப்படிக் கத்தியதில்லை. நம்பிக்கைத் துரோகி என்றேன். நான் ஓய்ந்ததும் அவர் கேட்டார்.

"முழுசா எடுக்கச் சொன்னது நீங்கதானே சார். ஒரு செகண்டுகூட வெட்டாதீங்கன்னு சொன்னீங்க. வெளியே போடாதீங்கன்னு எப்பவாவது சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அன்றே அவர் வீடியோவை எடுத்துவிட்டார். பதிவிறக்கி வைத்துக்கொண்டவர்களை யார் தேடிப் பிடிப்பது?

வெட்டாதே என்று ஏன் சொன்னேன் என்பதை அவரிடமும் சொல்லவில்லை. கையில் எல்லாருக்கும் கேமரா வருவதற்கு முன்பே என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணத்தில் எடுத்தது வெறும் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவள் நடப்பது, திரும்புவது எதுவும் என்னிடம் இல்லை. அந்தச் சாவு வீட்டில் அவள்தான் இவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். நான் வெளியே ஆண்களோடு நின்றேன். ஆகவே, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தபோதே நான் பார்க்கப்போவதை முடிவு செய்துவிட்டிருந்தேன்.

நண்பர் மாற்றிக் கொடுத்ததும் திருவிழாவைத் தள்ளிவிட்டுப் பின்பாதிக்குப் போனேன். இருந்தாள். அந்தப் பெண்ணின் பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அணைத்திருந்தாள். தாலியைக் கழற்ற யாரோ கையை நீட்டினார்கள். கேமரா நெருங்கியது. என் மனைவி தன் முந்தானையை இழுத்து அவள் முகத்தை மூடினாள். பிறகு கேமராவைப் பார்த்துத் திரும்பி உள்ளங்கையை உயர்த்தினாள். அழுகைச் சத்தத்தின் மேல் படக்காரர் சோகமாக ஒரு குழலிசை சேர்த்திருந்ததால் அவள் குரல் கேட்கவில்லை. ஆனால் வாயசைவு தெரிந்தது. எடுக்காதே என்றாள். கேமரா கேட்கவில்லை, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனது.

நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன், அதுதான் உண்மை. அந்தக் கை சொன்னதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். தேநீர் போட்டுக் கொடுத்தாள். மருமகள் வீடியோவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கஷ்டப்பட்டீங்களா அத்தை என்று கட்டிக்கொண்டு அழுதாளாம். அன்றிலிருந்து அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்றாள். "துணி இல்லாம நிக்கற மாதிரி இருக்கு சார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த ஆளு இப்படிப் பண்ணுவாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்" என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். நான் மறுக்கவில்லை. பழியை அவர் தலையிலேயே விட்டேன். தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டே, "அக்கா இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாங்க" என்றாள்.

வாசல்வரை வந்து கேட்டாள்: "உங்ககிட்ட வேற காப்பி இருக்கா சார்?"

"இல்லம்மா."

"நீங்க சொன்னா சரி."

வீட்டுக்கு வந்து என் மனைவியை மட்டும் தனியே வெட்டி எடுக்க முயன்றேன். முடியவில்லை. அவள் வரும் ஒவ்வொரு காட்சியிலும் மற்றவள் அவள் அணைப்பில் இருக்கிறாள். எனக்கென்று தனியாக ஒரு துண்டும் இல்லை.

துரோகி என்று நான் கத்தியவர் என்னிடம் மறைத்தது ஒன்றுமில்லை. நான் அவரிடம் மறைத்தேன், இவளிடம் மறைத்தேன், இவளிடம் பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்யை மெய்யாக்க, என் கணினியில் இருக்கும் பிரதியை அழிக்கும் ஒரு விசையை அழுத்தினால் போதும். இதை எழுதும் இன்றுவரை அழுத்தவில்லை. தேடாமல் பார்ப்பதற்காக வீடியோவை அந்த இடத்திலிருந்தே தொடங்கும்படி வைத்திருக்கிறேன். திறந்ததும் முதலில் வருவது என் மனைவியின் உள்ளங்கை.