"ஆட்டமே தெரியாதுங்க!"

போன தை மாதம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு கோயிலில் நடந்த கல்யாணம் அது. நான் ராசிபுரத்தில் கல்யாணப் படம் எடுப்பவன். கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதியுள்ள லென்ஸை அப்போதுதான் வாங்கியிருந்தேன். அந்த வசதி தேவையா, தண்டச் செலவா என்று நண்பர்களோடு வாய்ச்சண்டை போட்டு வாங்கியது. தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பெண்ணின் அப்பா மஞ்சள் விவசாயி. மனைவியை இழந்தவர். நரம்புக் கோளாறால் வலது கை ஓயாமல் நடுங்கும். அதைத் துண்டுக்குள் மறைத்தபடியே எல்லோரையும் வரவேற்றார். தாரை வார்க்கும் நேரம் நெருங்கியதும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"என் கை ஆடறது படத்துல தெரியாம எடுத்துப்போடுங்க சாமி. அவ போற ஊட்டுல மாட்டி வெப்பாங்கல்லங்க."

"கவலைய உடுங்க. புது லென்ஸு. ஆட்டமே தெரியாதுங்க!" என்றேன். என்ன திமிர்! அந்த லென்ஸ் அடக்குவது படம் எடுப்பவனின் கை ஆட்டத்தை மட்டும்தான். எதிரில் இருப்பவர் அசைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்குத் தெரியாததல்ல, வாங்கிய பெருமையில் மறந்து தொலைத்தேன்.

சந்நிதி முன்னால் ஃபிளாஷ் போடக் கூடாது என்றுவிட்டார்கள். வெளிச்சம் குறைவு. லென்ஸை நம்பி, கூடுதல் வெளிச்சம் விழ ஷட்டர் வேகத்தைக் குறைத்தேன்; அப்போது எதிரில் அசைவதெல்லாம் கலங்கித்தான் விழும். பெண், மாப்பிள்ளையின் வலது கைகள்மேல் அவர் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்தேன். தூண், மாலை, முகங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அவர் விரல்கள் மட்டும் கலங்கிப் புகைபோல் தெரிந்தன. தாரை வார்த்தபோது எடுத்த எல்லாப் படமும் அப்படித்தான். மறுபடி எடுக்கவா முடியும்?

மறைக்க மனம் வராமல் படங்களோடு அவர் வீட்டுக்குப் போனேன். மகளும் விருந்துக்கு வந்திருந்தாள். "மன்னிச்சிருங்க" என்று நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் விரல் வைத்த இடம் தன் கையல்ல. செம்புக்கு அடியில், முந்தானை மறைவிலிருந்து நீண்ட மகளின் இடது கை. செம்பைத் தாங்கியிருந்த அது துளி அசைவில்லாமல் தெளிவாக விழுந்திருந்தது. பக்கவாட்டில் நின்று எடுத்த நானே அதுவரை கவனிக்கவில்லை.

"ஏனம்மிணி, நீயா புடிச்சிருந்தே? நானேதான் சிந்தாம ஊத்திப்போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கதானுங்கப்பா ஊத்துனீங்க."

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் விரல்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து தருவதாகச் சொன்னேன்.

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. இதையே பெருசாப் போட்டுக் குடுங்க."

லென்ஸில் அந்த வசதி அவசியமா என்று கேட்பவர்களிடம், வெளிச்சம் குறைந்த இடத்தில் அவசியம்தான் என்று இன்றும் சொல்கிறேன். ஆனால் அந்த லென்ஸை மாட்டும்போதெல்லாம், யாருக்கும் தெரியாமல் அப்பாவின் செம்பைத் தாங்கிய அந்தக் கைதான் முதலில் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.